அந்த அறுபது நாள் யாருடையது? தத்தெடுப்பு பற்றி பெருமாநல்லூரிலிருந்து ஒரு பேச்சு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிப்பதற்கு ஏற்ப லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

நான் பெருமாநல்லூரிலிருந்து பேசுகிறேன். திருப்பூரிலிருந்து கோபி போகிற ரோடும் சேலம் - கொச்சி ஹைவேயும் சந்திக்கிற ஊர். கொண்டத்துக்காளியம்மன் கோயில் குண்டம் என்றால் கொங்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். எங்களுக்கு ஒரு மகள். தத்தெடுத்த மகள்.

பேசக் கூப்பிட்டபோதே ஒரு விஷயம் சொல்லிவிட்டேன். மகளின் பெயரையோ, அவள் எந்த ஊர் இல்லத்திலிருந்து வந்தாள், எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதையோ நான் சொல்ல மாட்டேன். அது அவளோட கதை. பெரியவளாகி அவளுக்குத் தோன்றினால் அவள் சொல்லட்டும். எங்க பக்கத்துக் கதையை மட்டும்தான் நான் சொல்றேன்.

எங்களிடம் அதிகம் பேர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நாட்டுல இத்தனை குழந்தைங்க இல்லத்துல இருக்கு. வளர்க்க ஆசைப்படறவங்களும் இருக்காங்க. அப்புறம் எதுக்கு இத்தனை பேப்பரு, இத்தனை வருஷம்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

"சொல்லி வைக்கிறேன்" என்றவர்கள்

கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. வைத்தியம் பார்த்தோம். சீட்டுப் பணம் அதிலேயே போனது. அதை இழுக்க வேண்டாம், அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். அப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

முதல் யோசனை சொந்தத்திலிருந்து வந்தது. கொழுந்தனாருக்கு இரண்டாவது குழந்தை பிறக்க இருந்தது. "பிறக்கறதை உங்க மடியில போட்டுடறோம்" என்றார் மாமனார். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1956ல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம். அதற்கு முன்னால் பையனைத்தான் சுவீகாரம் எடுப்பார்கள், கொள்ளி போடவும் சொத்து ஆளவும். அந்தச் சட்டம் வந்த பிறகுதான் பெண் குழந்தையையும் எடுக்கலாம் என்று ஆனது. குழந்தைக்கு 15 வயது ஆகியிருக்கக் கூடாது. பெற்றவர்கள் மனசாரக் கொடுக்க வேண்டும், எடுப்பவர்கள் கையில் வாங்க வேண்டும். பணம் கைமாறக் கூடாது. பத்திரம் பதிவு செய்துகொண்டால் பின்னால் வம்பு இல்லை.

எல்லாம் சரிதான். ஆனால் நான் கொழுந்தனார் சம்சாரத்தின் முகத்தைப் பார்த்தேன். மாமனார் முன்னாடி "சரிங்க மாமா" என்று சொன்னாள். வாய்தான் சொல்லிச்சு. அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்காரரிடம் "இது வேண்டாங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

இரண்டாவது யோசனை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு அம்மாவிடமிருந்து வந்தது. பேர் வேண்டாம். "கல்யாணம் ஆகாத புள்ளைக வருவாங்க கண்ணு. நான் சொல்லி வைக்கிறேன். அட்மிஷனையே உன் பேர்ல போட்டுட்டா, பர்த் சர்டிபிகேட் நேரா உங்க ரெண்டு பேர் பேர்லயே வந்துரும். ஒரு கோர்ட்டும் இல்ல, கச்சேரியும் இல்ல." மூன்று லட்சம் என்றார். வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து கேட்டா?" அதற்கு அந்த அம்மா, "அதெப்படி வருவா, காசு குடுத்துட்டோம்ல" என்றார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அதற்கடுத்து 2019 ஏப்ரலில் ராசிபுரம் விஷயம் வெடித்தது. ஞாபகம் இருக்கும். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ், குழந்தைக்கு விலை பேசுகிற ஆடியோ வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. கைது நடந்தது, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு விற்றவர்களைப் பற்றிக்கூட யோசனை ஓடவில்லை. வாங்கி வளர்த்துக்கொண்டிருந்த வீடுகளைப் பற்றித்தான் நினைத்தேன். ஒவ்வொரு தடவை வாசலில் வண்டி நிற்கும்போதும் அந்த வீட்டில் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்?

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2015ம் வருஷத்து சிறார் நீதிச் சட்டம், பிரிவு 81. குழந்தையை விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். "நாங்க நல்ல எண்ணத்துலதான் வாங்கினோம்" என்பது அங்கே செல்லாது.

அந்த அறுபது நாள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

நம்ம திருப்பூருக்கு எத்தனை ஊரிலிருந்து சின்னப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், நம்ம தென் மாவட்டங்கள். ஹாஸ்டலில் தங்கி, செக்கிங், பிசிறு வெட்டுவது, ஓவர்லாக் என்று ஓடுகிற பெண்கள். அவர்களில் யாராவது ஒருத்தி வளர்க்க வழியில்லாத நிலையில் ஒரு குழந்தையைப் பெற்றால் என்ன செய்வாள்?

அவளுக்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. மாவட்டத்தில் இருக்கிற குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் குழந்தையை ஒப்படைக்கலாம். கல்யாணம் ஆகாதவள் என்றால் அவள் ஒருத்தி கையெழுத்துப் போதும். விஷயம் வெளியே போகாது. இல்லை, தொட்டிலில் விட்டுவிட்டுப் போகலாம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் நம்ம பக்கத்துச் சேலத்தில்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தது. சூழ்நிலை கைமீறிப்போய்ப் பெற்றவர்கள் குழந்தையை விட்டுப் போனால், அதை வேண்டுமென்றே செய்த குற்றமாகப் பார்க்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 75ம் பிரிவு சொல்கிறது.

ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அவளுக்கு இரண்டு மாதம், அறுபது நாள், அவகாசம் உண்டு. அந்த அறுபது நாளுக்குள் மனசு மாறினால் அவள் வந்து தன் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். குழு அவளிடம் பேசும், அவளால் வளர்க்க முடியுமா, யார் உதவலாம் என்று பார்க்கும். அந்த அவகாசம் முடிகிற வரைக்கும் அந்தக் குழந்தையை யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது. கண்டெடுத்த குழந்தையாக இருந்தால், பெற்றவர்களைத் தேடிப் பேப்பரில் விளம்பரம் போட வேண்டும், விசாரிக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் "இந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம்" என்று குழு அறிவிக்கும்.

காத்திருக்கிற எங்களை மாதிரி ஆட்களுக்கு இந்த அறுபது நாள் எரிச்சலாக இருக்கும். பச்சைக் குழந்தை அங்கே கிடக்குது, நாம இங்கே கிடக்கிறோம் என்று தோன்றும். ஆனால் அந்த அறுபது நாள் நம்முடையது இல்லைங்க. அது பெற்றவளுடையது. பிரசவம் ஆன மூன்றாம் நாள், காய்ச்சலோடு, பயத்தோடு, யார் யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்த முடிவை, உடம்பு தேறி, தாய்ப்பால் நின்ற பிறகு இன்னொரு தடவை யோசிக்க அவளுக்குக் கொடுத்த நாட்கள். அந்த ஆஸ்பத்திரி அம்மா மூன்று லட்சத்துக்கு எங்களுக்கு விற்கப் பார்த்தது குழந்தையை மட்டுமில்லை. அந்த அறுபது நாளையும் சேர்த்துத்தான்.

அந்த நாட்களைத் தாண்டி வந்த குழந்தையை மடியில் வாங்கும்போதுதான் "யார்கிட்ட இருந்தும் பறிக்கலை" என்று சொல்ல முடியும். நாளைக்கு அந்தக் குழந்தை கேட்டாலும் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியும்.

நான்கு வருஷம்

நாங்கள் 2018 நவம்பரில் காரா இணையதளத்தில் பதிந்தோம். காரா என்றால் மத்திய தத்தெடுப்பு ஆணையம். இந்தியா முழுக்க ஒரே வரிசை. அதில் சாதி கேட்டு எடுக்க முடியாது. எங்க அத்தை, அதாவது மாமியார், அதைத்தான் முதலில் கேட்டார்: "எந்தக் கூட்டம்னே தெரியாம எப்படிடி?" வீட்டுக்காரர், "நம்ம கூட்டம்தான்மா, நம்ம வீட்டுக்கு வந்துட்டா" என்றார். அத்தை ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அப்புறம் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்தார். பேங்க் பாஸ்புக் பார்த்தார், மெடிக்கல் ரிப்போர்ட் வாங்கினார். அதைவிட அதிகமாகக் கேள்வி கேட்டார். "குழந்தை உங்களை அம்மான்னு கூப்பிட ஒரு வருஷம் ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க? சொந்தக்காரங்க கல்யாணத்துல யாராவது 'எடுத்து வளர்க்கிற புள்ளை'ன்னு அவ காதுபடச் சொன்னா?" வாடகை வீடுதான் எங்களுக்கு. அதைக் குறையாக எழுதவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? கணக்கு எளிது. 2024-25ல் நாடு முழுக்க நடந்த சட்டப்படியான தத்தெடுப்பு 4,515. அதில் 4,155 உள்நாட்டில். பல வருஷங்களில் இதுதான் அதிகம். ஆனால் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் 30,000க்கும் மேல். இல்லங்களில் இருக்கிற குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ சொந்தமோ எங்கேயோ இருக்கிறார்கள். அவர்களைத் தத்துக் கொடுக்க முடியாது. எல்லாரும் கேட்பது இரண்டு வயதுக்குள் ஆரோக்கியமான குழந்தை. அதற்குத்தான் வரிசை மூன்று வருஷத்துக்கு மேல் போகிறது.

நடுவில் கொரோனா வந்தது. 2021 மே மாதம், இரண்டாவது அலையில், "பெற்றோரை இழந்த குழந்தைகள், தத்தெடுக்க இந்த நம்பரைக் கூப்பிடவும்" என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் பறந்தது. எனக்கே பத்துப் பேர் அனுப்பினார்கள். அப்படிக் கொடுப்பதும் எடுப்பதும் சட்டவிரோதம் என்று மத்திய அமைச்சகம் எச்சரிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போதும் அப்படி மெசேஜ் வந்தால் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. 1098க்குப் போன் பண்ணுங்க.

வீட்டு ஆய்வு அறிக்கை மூன்று வருஷம்தான் செல்லும். இரண்டாவது ஆய்வு வந்தபோது நாங்கள் பேசி, நான்கிலிருந்து ஆறு வயது என்று மாற்றினோம். பச்சைக் குழந்தைக்கு வரிசையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு நிற்பவர்கள் குறைவு. 2022 கடைசியில் போன் வந்தது. படம், மருத்துவ அறிக்கை, குழந்தை பற்றிய குறிப்பு எல்லாம் ஆன்லைனில் காட்டினார்கள். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சனிக்கிழமை, சம்பள நாள். கவர் போடுகிற வேலையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"உங்க டூட்டி எப்ப முடியும்?"

ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. குழந்தையைக் கையில் கொடுத்தவுடனே நாம் சட்டப்படி அப்பா அம்மா ஆகிவிடுவதில்லை. உத்தரவு வருகிற வரைக்கும் அது தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டி வருகிறோம். அந்தக் காலத்தில் குழந்தை வீட்டில் இருக்கும், மனசில் இருக்கும், ஆனால் பேப்பரில் இன்னும் நம்முடையவள் இல்லை.

அவள் வந்த முதல் நாளே என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது நாள் சாயங்காலம் கேட்டாள்: "அம்மா, உங்க டூட்டி எப்ப முடியும்?"

இல்லத்தில் பார்த்துக்கொள்கிற எல்லாரையும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். பகல் அம்மா போவார், ராத்திரி அம்மா வருவார். அவர்கள் நன்றாகத்தான் வளர்த்திருந்தார்கள், அவளுக்குப் பாட்டுத் தெரிந்தது, எழுத்துத் தெரிந்தது. ஆனால் அம்மா என்பது அவளுக்கு ஒரு ஷிப்ட். நம்ம ஊரில் ஷிப்ட் என்றால் எல்லாருக்கும் புரியும். "எனக்கு ஷிப்ட் இல்ல கண்ணு, ராத்திரியும் நான்தான்" என்றேன். நம்பவில்லை. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து வந்து நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொள்வாள். இது நாலு மாதம் நடந்தது.

தலையணைக்கு அடியில் பன், வர்க்கி, சப்பாத்தி எல்லாம் இருக்கும். எறும்பு வரும். ஆலோசகர் சொன்னபடி நாங்கள் திட்டவில்லை, எடுத்து வீசவும் இல்லை. அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு டப்பா வைத்து, "இது உன்னோடது, எப்பவும் நிறைஞ்சிருக்கும்" என்றோம். டப்பா காலியாகாது என்று புரிய அவளுக்கு ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் ஆனது.

வயது கூடிய குழந்தையை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லீவுக்கு முன்கூட்டியே திட்டம் போடுங்கள். 2017ல் திருத்திய பிரசவ கால சட்டம், தத்தெடுத்த தாய்க்கு 12 வாரம் கொடுத்தது, ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்குக் கீழே இருந்தால்தான். ஐந்து வயதுக் குழந்தையை எடுத்த எனக்கு அது இல்லை. சம்பளம் இல்லாமல் இரண்டு மாதம் எடுத்தேன். பாலுக்கு அழுகிற குழந்தைக்கு மட்டும்தான் அம்மா பக்கத்தில் வேண்டும் என்று யார் சொன்னது?

உத்தரவு

முன்பு தத்தெடுப்பு உத்தரவைக் கோர்ட்தான் கொடுக்கும். 2022 செப்டம்பர் 1லிருந்து அந்த அதிகாரம் மாவட்ட கலெக்டருக்கு வந்தது. எங்களுக்கு 2023ல் உத்தரவு வந்தது. விசாரணை மூடிய அறையில் நடந்தது. குழந்தையின் விருப்பத்தையும் அவள் வயதுக்கு ஏற்றபடி கேட்க வேண்டும் என்று சட்டத்தின் 61ம் பிரிவு சொல்கிறது. அவளிடம் கேட்டார்கள். "இவங்க வீட்டுல எனக்கு டப்பா இருக்கு" என்றாள்.

அந்த உத்தரவு வந்த நாளிலிருந்து, பிரிவு 63ன்படி, அவள் எங்களுக்குப் பிறந்த குழந்தைக்குச் சமம். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று எங்கள் பெயர். நாளைக்குப் பங்காளிகள் யாரும் "எடுத்த புள்ளைக்கு என்ன பங்கு" என்று கேட்க முடியாது. கேட்டார்கள், ஒரு பெரியவர் கேட்டார். வீட்டுக்காரர் உத்தரவின் ஜெராக்ஸைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். பேப்பர் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு வருஷத்துக்கு, வந்து பார்த்து அறிக்கை எழுதினார்கள்.

அத்தையைக் கேட்கிறீர்களா? இப்போது அவர்தான் பள்ளிக்கூட வேன் வரைக்கும் போகிறார். "எங்க அம்மிணி" என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறார்.

தத்து எடுக்க முடியாத குழந்தைகள்

கடைசியாக ஒன்று. இல்லத்தில் இருக்கிற எல்லாக் குழந்தையையும் தத்துக் கொடுக்க முடியாது என்று சொன்னேன் இல்லையா, அவர்களுக்கு என்ன வழி? வளர்ப்புப் பராமரிப்பு. அதே சட்டத்தின் 44ம் பிரிவு. நலக் குழுவின் உத்தரவோடு ஒரு குடும்பம் அந்தக் குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கலாம். இதில் குழந்தை நமக்குச் சொந்தமாகாது. சொத்துரிமை வராது. பெற்றவர்கள் நிலை சரியானால் திரும்பிப் போகும். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு வந்து பார்க்கும். மிஷன் வத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு.

2024ல் வந்த புதிய வழிகாட்டுதல்கள் இதை எளிதாக்கியிருக்கின்றன. கல்யாணம் ஆகாதவர்கள், தனியாக இருப்பவர்களும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். குழந்தையைத் தத்துக் கொடுக்கச் சட்டத்தில் தடையில்லை என்றால், முன்பு ஐந்து வருஷம் வளர்த்த பிறகுதான் தத்துக் கேட்கலாம் என்று இருந்தது, இப்போது இரண்டு வருஷம். பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள்தான் காத்திருக்கிறார்கள்.

நம்ம பக்கத்தில் இது புதுசு இல்லைங்க. பைபாஸில் விபத்தில் அப்பனும் ஆத்தாளும் போய்விட்டால், லைன் வீட்டில் இருக்கிற அத்தையோ பாட்டியோதான் அந்தப் பிள்ளைகளை இழுத்துப்போட்டு வளர்க்கிறார்கள். ஒரு கையெழுத்தும் இல்லாமல், ஒரு ரூபாய் உதவியும் இல்லாமல். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், அவர்களிடம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகச் சொல்லுங்கள். நிதி ஆதரவு கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்கு நானே கூடப் போய் மனு எழுதிக் கொடுத்தேன்.

தத்தெடுக்க நினைக்கிறவர்கள் காரா இணையதளத்தில் நேரடியாகப் பதியலாம், புரோக்கர் யாரும் வேண்டாம். பதிகிற அன்றைக்கே வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் ஒன்பது மாதம் மாதிரி ஒரு காலம் வேண்டும். குழந்தையிடமும் சின்ன வயதிலேயே, கதை சொல்கிற மாதிரி, சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயதில் பக்கத்து வீட்டுக்காரர் வாயால் அவளுக்குத் தெரியக் கூடாது.

காத்திருக்கும்போது "எங்களுக்கு எப்ப குழந்தை கிடைக்கும்" என்று கேட்போம், அது இயல்பு. அந்த இல்லத்தில் இருக்கிற குழந்தைக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: "எனக்கு யாரு?" சட்டம் பதில் தேடுவது அந்தக் கேள்விக்குத்தான். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் நாலு வருஷம் கொஞ்சம் லேசாகும்.